நோயாளி ராமானுஜன்

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் நோக்கிச் செல்வோருக்குக் குரோம்பேட்டையை அடுத்து ஒரு நிலையம் வரும். தாம்பரம் சானடோரியம் என்பது அதன் பெயர். அனகாபுத்தூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் நான், பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றிய காலம் முழுவதும் அந்த நிலையத்தைக் கடந்துதான் கல்லூரிக்குச் சென்று வந்தேன். ஒரு நாளும் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்ததில்லை. பணி ஓய்வுக்குப் பின், மூன்று வாரங்களாக நிற்காத இருமலுக்காகச் சளிப் பரிசோதனை செய்துகொண்டு, காசநோய் என்று எழுதப்பட்ட தாளுடன் வீடு திரும்பிய மாலையில்தான், ரயில் அங்கே நின்றபோது அந்தப் பெயர்ப் பலகையை முதன்முறையாகப் படித்ததுபோல் இருந்தது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நோயாளிகளை ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் தங்கவைத்து, ஓய்வும் ஊட்டமான உணவும் அளித்துப் பராமரித்த இல்லங்களுக்குச் சானடோரியம் என்று பெயர். பச்சைமலை அடிவாரத்தில் அப்படியோர் இல்லத்தை 1928-ல் நிறுவியவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து என்னும் மருத்துவர். 1937-ல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. தாம்பரத்துக்கு வருவதற்கு முன் முத்து இங்கிலாந்தில், மெண்டிப் மலைப்பகுதியில், இதேபோன்ற ஒரு சானடோரியத்தை நடத்தி வந்தார். 1917-ல் அங்கே அவரிடம் வந்து சேர்ந்த நோயாளிகளுள் ஒருவர் ஸ்ரீனிவாச ராமானுஜன்.

கணித மேதை ராமானுஜனை நாம் எல்லோரும் அறிவோம். ஆறு மாத காலம் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த நாள்களில் நான் தேடிப் படித்தது வேறொருவரை. காய்ச்சலோடும் வயிற்று வலியோடும், மருத்துவர்களோடும் தம் மனத்தோடும் போராடிய ஓர் இளைஞரை. அவர் 32 ஆண்டுகளே வாழ்ந்தார். அதில் கடைசி மூன்று ஆண்டுகள் நோயாளியாகவே கழிந்தன. அந்த மூன்று ஆண்டுகளை மேதைமையின் பின்குறிப்பாகச் சொல்லிவிட்டுக் கடந்துசெல்வது வழக்கமாகிவிட்டது. நோயை ஒரு மனிதன் எப்படித் தாங்குகிறான், எங்கே தோற்கிறான் என்பதை அறிய விரும்புவோருக்கு அந்த ஆண்டுகளில்தான் கற்பதற்கு ஏராளம் உள்ளது.

நோய் அவருக்குச் சிறுவயதிலேயே அறிமுகம். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர் ராமானுஜன். தந்தை கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். (நெசவாளர் ஊரான அனகாபுத்தூரில் வசிப்பவன் என்பதால் இந்தத் தகவல் என் கண்ணில் தனியாகப் பட்டது.) குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது பெரியம்மை கண்டது. தழும்புகளோடு தப்பியது. அடுத்துப் பிறந்த குழந்தைகள் மூவர் பச்சிளம் பருவத்திலேயே இறந்தனர். தாய் கோமளத்தம்மாள் மூத்த மகனை எப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. பின்னாளில் மகனின் வாழ்வில் அந்த அன்பு என்னவெல்லாம் செய்தது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றைப் புறக்கணித்ததால் உதவித்தொகை பறிபோனது. 1905-ல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுவிட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து மாதக்கணக்கில் வீட்டில் கிடக்க நேர்ந்தது. 1909-ல் ஜானகியுடன் திருமணம். 1910 தொடக்கத்தில் விரை வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குடும்பத்திடம் பணமில்லை. மருத்துவர் ஒருவர் கட்டணம் பெறாமல் செய்து கொடுத்தார்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி முக்கியமானது. சென்னையில் மீண்டும் உடல் நலிவுற்றபோது நண்பர் ராதாகிருஷ்ண ஐயர் அவரைக் கவனித்துக்கொண்டு, மருத்துவர் சொன்னபடி ஊருக்கு ரயிலேற்றி அனுப்பினார். விடைபெறும்போது ராமானுஜன் தம் இரண்டு கணித நோட்டுப் புத்தகங்களை நண்பரிடம் ஒப்படைத்தார். தாம் இறந்துபோனால் அவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார். (அக்கல்லூரி அப்போது தாம்பரத்துக்கு வரவில்லை. அது இடம்பெயர்ந்ததும் 1937-ல்தான்.) இருபத்திரண்டு வயது இளைஞன், வேலையில்லாதவன், படிப்பில் தோற்றவன், உடம்பு கைவிட்ட நேரத்தில் சொத்து என்று எதைக் கருதினான் என்பது இதில் தெரிகிறது. உடல் அவர் வசத்தில் இல்லை. நோட்டுப் புத்தகம் அவர் வசத்தில் இருந்தது. இந்த வேறுபாடு அவர் வாழ்வின் இறுதிவரை நீடித்தது.

அதன்பின் நடந்தவை பலமுறை எழுதப்பட்டவை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை, 1914 மார்ச் 17 அன்று நேவாசா என்ற கப்பலில் பயணம். அந்தக் கப்பலிலேயே மருத்துவர் முத்துவும் பயணம் செய்தார். இருவரும் அங்கே அறிமுகமாயினர். மூன்றரை ஆண்டுகளில் ஒருவர் மற்றவரின் நோயாளியாகப் போகிறார் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்?

கேம்பிரிட்ஜில் முதல் மூன்று ஆண்டுகள் பொற்காலம் என்பார்கள். கட்டுரைகளைப் பார்த்தால் அது உண்மை. உடம்பைப் பார்த்தால் அதுவே அழிவின் தொடக்கம். ராமானுஜன் கண்டிப்பான சைவ உணவினர். கல்லூரி உணவுக்கூடத்தில் உண்ணமாட்டார். அறையில் தாமே சமைத்துக்கொண்டார். வேலையில் மூழ்கினால் சமையல் மறந்துபோகும். ஒரே மூச்சில் முப்பது மணி நேரம் வேலை செய்துவிட்டு இருபது மணி நேரம் உறங்குவார் என்று உடனிருந்தோர் சொல்லியிருக்கின்றனர். வந்து சில மாதங்களிலேயே உலகப் போர் மூண்டது. காய்கறிகளும் பாலும் அரிதாயின. ஊருக்குத் திரும்பலாம் என்றால் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம்.

மனத்தளவிலும் அவர் மிகவும் தொட்டாற்சிணுங்கி. ஒருமுறை இந்திய நண்பர்கள் சிலரை விருந்துக்கு அழைத்து, தாமே சமைத்து ரசம் பரிமாறினார். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது விருந்தினர் போதும் என்றனர். சற்று நேரத்தில் விருந்து கொடுத்தவரைக் காணவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். திரும்பிவரச் சில நாள்களாயின. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். தனிமையில் இருக்கும் ஒருவர் தம் கையால் சமைத்த உணவு மறுக்கப்படுவதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்று பார்த்தால் சிரிப்பு வருவதில்லை.

1917 வசந்த காலத்தில் நோய் படுக்கையில் தள்ளியது. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்த்தார்கள். வயிற்றுப் புண் என்றார்கள். புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். இரத்தம் நஞ்சாகிவிட்டது என்று ஒரு கருத்தும் இருந்தது. முடிவில் காசநோய் என்ற கருத்து நிலைபெற்றது. ஐயம் தீராத நோய், பெயர் தெரிந்த நோயைவிட அதிகம் வதைக்கும் என்பதை நானும் அனுபவித்திருக்கிறேன். என் இருமலுக்கு முதலில் ஒவ்வாமை என்றார்கள், பிறகு நுரையீரல் தொற்று என்றார்கள். காசநோய் என்று கேட்டபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு கணம் ஆறுதலாகவே இருந்தது.

மெண்டிப் மலையில் முத்துவின் சானடோரியத்தில் ராமானுஜன் நெடுநாள் தங்கவில்லை. அங்கிருந்து டெர்பிஷயரில் உள்ள மாட்லாக் சானடோரியத்துக்கு மாற்றப்பட்டார். அன்றைய திறந்தவெளிச் சிகிச்சையின் இலக்கணப்படி, குளிர்காலத்திலும் சன்னல்கள் திறந்தே இருக்கும். நோயாளி படுக்கையை விட்டு எழக் கூடாது, கொடுத்ததை உண்ண வேண்டும். காவிரிக் கரையில் வளர்ந்த உடம்பு நடுங்கியது. அறையில் கணப்பு மூட்ட வேண்டினார், கிடைக்கவில்லை. அங்கிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி வருகிறது. குளியலறைகள் வெதுவெதுப்பாக இருப்பதாகவும், நாள்தோறும் ஒரு மணி நேரம் காகிதமும் பேனாவுமாக அங்கே போய் உட்கார்ந்து வேலை செய்து, விரைவில் சில கட்டுரைகளை அனுப்பப்போவதாகவும் தெரிவித்திருந்தார்.

இந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு நான் நூலை மூடிவைத்தேன். இங்கிலாந்தின் பெரிய மருத்துவர்கள் வகுத்த ஒழுங்கில், நோயாளிக்கென்று ஓர் அங்குல இடமும் இல்லை. அவர் அதைக் குளியலறையில் கண்டுபிடித்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நோயாளி இல்லை.

மருத்துவர்களின் கண்ணில் அவர் பிடிவாதக்காரர். உணவைப் பற்றி ஓயாமல் சச்சரவு. சொன்னதைச் சாப்பிடமாட்டார், தமக்குப் பிடித்த காரமான பொருள்களைக் கேட்பார். மருத்துவமனை மாற்றி மருத்துவமனை சென்றார். அவரிடம் பேரன்பு கொண்ட ஹார்டியே இந்த நோயாளியைச் சமாளிக்கப் பெரும்பாடு பட்டார். டால்காட் பார்சன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1951-ல் எழுதிய நூலில், நோயாளி என்பது ஒரு சமூகப் பாத்திரம் என்று விளக்கினார். நோயாளிக்கு அன்றாடக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. அதற்கு ஈடாக, குணமடைய விரும்ப வேண்டும், மருத்துவருக்குக் கட்டுப்பட வேண்டும். ராமானுஜனுக்கு அந்த விலக்கே தண்டனை. கட்டுப்படுவதோ அவருக்கு வராத கலை. அந்தப் பிடிவாதத்தை நான் போற்றவில்லை. ஊட்டம் தேவைப்பட்ட உடம்புக்கு உணவை மறுத்தது கேடு செய்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் காரணம் விளங்குகிறது. எல்லாம் பறிபோன ஒருவரிடம் எஞ்சியிருந்த ஒரே அதிகாரம், வேண்டாம் என்று சொல்வது.

என் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிகிச்சையின் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனையில், மருத்துவர் என் நோயைப் பற்றிய எல்லாவற்றையும் அருகில் நின்ற என் மகளிடமே விளக்கினார். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசிய நான் அங்கே ஒரு நாற்காலியைப்போல் அமர்ந்திருந்தேன். வீட்டிலும் அதே நிலைதான். மனைவி மாத்திரைகளை எண்ணி வைப்பார். மகள் தொலைபேசியில் கேட்பாள். அண்டை வீட்டாரிடம் விடாத சளி என்று மட்டும் சொல்லியிருந்தோம். முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதங்கள் மூன்று. சிறுநீர் செம்மஞ்சளாகும், குமட்டும். மூன்றாம் மாதத்தில் இருமல் நின்றது, எடை கூடியது. அப்போது ஒரு வாரம், யாருக்கும் தெரியாமல், மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுபோய் எறிந்தேன். முனைவர் பட்டம் பெற்றவன், பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும் என்பதை நன்கு அறிந்தவன். அறியாமையால் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

ராமானுஜனின் துன்பத்தில் மருத்துவத்துக்குப் புறம்பான இரண்டு கூறுகள் இருந்தன. ஒன்று, வீட்டிலிருந்து வந்த மௌனம். கும்பகோணத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. ராமானுஜன் மனைவிக்கு எழுதிய கடிதங்களும் ஜானகி கணவருக்கு எழுதியவையும் உரியவர் கைக்குச் சேராமல் தாய் தடுத்தார். ஜானகி கும்பகோணத்தை விட்டுத் தம் சகோதரரிடம் போய்விட்டார். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கிடந்தவர், மனைவி தம்மை மறந்துவிட்டாளோ என்று எண்ணியிருக்கக்கூடும். மகனைக் காக்க எல்லாம் செய்த தாயின் அன்பே மகனின் மருந்துகளுள் ஒன்றைத் தடுத்துவைத்தது. மற்றொன்று, 1917 அக்டோபரில் டிரினிடி கல்லூரி உறுப்பினர் தேர்தலில் அவர் பெயர் ஏற்கப்படாதது. அதில் கணிதத்துக்கு அப்பாற்பட்ட காரணங்களும் இருந்தன.

1918 தொடக்கத்தில் லண்டனில், சுரங்க ரயில் நிலையம் ஒன்றில், ராமானுஜன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ஊழியர் ஒருவர் பார்த்து மின் இணைப்பைத் துண்டித்ததால் ரயில் சில அடிகள் முன்னே நின்றது. காயங்களோடு பிழைத்தார். அன்றைய இங்கிலாந்தில் அது தண்டனைக்குரிய குற்றம். 1961 வரை அப்படியே இருந்தது. காவல் துறை கைதுசெய்தது. ஹார்டி ஓடிவந்து, இவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், இவர்மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்று வாதாடி மீட்டார். உண்மையில் ராமானுஜன் அப்போது உறுப்பினர் ஆகியிருக்கவில்லை. இந்தியாவில் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, தண்டனையிலிருந்து காத்து, பராமரிப்பு அளிக்கும் பொறுப்பை அரசிடம் தருகிறது. சட்டத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்னதாக ஒரு நண்பர், ஒரு பொய்யின் துணையோடு, அதைச் செய்து முடித்தார்.

அந்தப் பொய் சில வாரங்களில் மெய்யாயிற்று. 1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்டோபரில் டிரினிடியும் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் உடல்நிலை வியக்கத்தக்க வகையில் தேறியது. எடை கூடியது. புதிய கண்டுபிடிப்புகள் வந்தன. பாராட்டு நோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்ல வரவில்லை. நோய் உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனால், எந்த மருத்துவரும் எழுதித் தராத ஏதோ ஒன்று அந்த மாதங்களில் அவருக்குக் கிடைத்தது.

1729 என்ற எண்ணின் கதை லண்டனை அடுத்த புட்னியில் அவர் மருத்துவ இல்லத்தில் இருந்த நாள்களில் நடந்தது. நோயாளியைப் பார்க்கச் சென்ற ஹார்டிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கூச்ச சுபாவக்காரர் அவர். வந்த டாக்சியின் எண் சுவையற்றது, அது கெட்ட சகுனமாக இல்லாதிருக்க வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொன்னார். படுக்கையில் கிடந்தவர் அதை மறுத்து, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க எண்களில் மிகச் சிறியது அதுவே என்று விளக்கினார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூட்டினால் 1729, ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூட்டினாலும் 1729. மேதைமைக்குச் சான்றாக நூறாண்டுகளாக இது சொல்லப்படுகிறது. எனக்கு இதில் தெரிவது வேறு. நோயாளி அறைகளில் விருந்தாளிகள் பேச்சற்றுத் தடுமாறுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தத் தடுமாற்றத்திலிருந்து விருந்தாளியை மீட்டவர் நோயாளி.

பொருளியல் படித்தவன் என்பதால் மற்றொரு செய்தியையும் தவிர்க்க இயலவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் ஐந்தாண்டுகளுக்கு வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அதற்கு நன்றி தெரிவித்து எழுதிய கடிதத்தில், அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றார் ராமானுஜன். 50 பவுண்டைப் பெற்றோருக்குக் கொடுத்து, தம் அவசியச் செலவு போக எஞ்சியதை ஏழை மாணவர்கள், ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்த வேண்டினார். உதவித்தொகை பறிபோய் ஊரைவிட்டு ஓடிய அந்தப் பழைய மாணவரை இந்தக் கடிதத்தில் காணலாம். நோயால் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டே இருக்கும் நிலையில், தாமும் கொடுக்க விரும்பினார்.

போர் முடிந்ததும் 1919 மார்ச் இறுதியில் பம்பாயில் வந்திறங்கினார். தாய் காத்திருந்தார், மனைவியைக் காணவில்லை. சில நாள்கள் கழித்துச் சென்னையில் ஜானகி வந்து சேர்ந்தார். மயிலாப்பூர், பிறகு காவிரிக் கரையில் கொடுமுடி, பிறகு கும்பகோணம், 1920 ஜனவரியில் மீண்டும் சென்னை என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சேத்துப்பட்டில் குடியமர்த்திய வீடுகளில் ஒன்றின் பெயர் கிரைநன்ட். அந்தப் பெயரின் முற்பகுதி ஆங்கிலத்தில் அழுகையைக் குறிப்பதால் அபசகுனம் என்று கருதப்பட்டு, அருகிலிருந்த கோமெட்ரா என்ற வீட்டுக்கு மாறினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர் முன்போல் இல்லை. எரிச்சலும் சலிப்பும் மிகுந்திருந்தன.

அந்த ஓராண்டில் அவருக்குக் கிடைத்த பெரும்பேறு ஜானகி. திருமணமாகிப் பத்தாண்டுகளில் இருவரும் ஒன்றாக வாழ்ந்தது மிகக் குறைவு. இருபது வயதுப் பெண், வலிக்குச் சூடான ஒத்தடம் கொடுத்தார், வேளைக்குப் பாலும் உணவும் தந்தார், கேட்டபோது காகிதம் எடுத்துத் தந்தார், எழுதி முடித்த தாள்களைத் திரட்டித் தோல்பெட்டியில் வைத்தார். இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் கணிதத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். இவர் அதைத் தடுக்கவில்லை. 1920 ஜனவரி 12 அன்று ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு நாள் எழுதாததற்கு வருந்திவிட்டு, தாம் கண்டறிந்த போலித் தீட்டாச் சார்புகளை விவரித்தார். உடம்பைப் பற்றிய புலம்பல் அதில் இல்லை. இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை எழுதிக்கொண்டிருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று உயிர் பிரிந்தது. கடல் கடந்தவர் என்ற காரணத்தால் உறவினர் சிலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை.

ஜானகி திரட்டி வைத்த தாள்கள் எங்கெங்கோ பயணம் செய்து டிரினிடி கல்லூரி நூலகத்தில் கிடந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் அவற்றைக் கண்டெடுத்தார். தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று இன்று வழங்கும் அதில் 600-க்கும் மேற்பட்ட தேற்றங்கள் உள்ளன. பெரும்பகுதி கடைசி ஆண்டில், காய்ச்சலுக்கிடையே எழுதப்பட்டவை. தற்செயலாக அதே 1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு ஒரு செடியைத் தந்து அதைப் பராமரிக்கும் பொறுப்பையும், அன்றாடச் சிறு முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். மற்றொரு பிரிவினருக்கும் செடி தரப்பட்டது, தண்ணீர் ஊற்றியவர்கள் ஊழியர்கள். முதற்பிரிவினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மனநிறைவோடும் இருந்தனர். மாட்லாக்கின் குளியலறையில் ராமானுஜன் வைத்திருந்தது அப்படியொரு செடி.

சேத்துப்பட்டுக்குக் காசநோய் வரலாற்றில் மற்றோர் இடமும் உண்டு. ராமானுஜன் மறைந்த 36 ஆண்டுகள் கழித்து, 1956-ல், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அங்கே ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சென்னையின் ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 200 பேரில் ஒரு பாதியினருக்கு வீட்டிலும் மறுபாதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, குறைந்த உணவு, ஓய்வின்மை ஆகிய எல்லாவற்றையும் மீறி வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். 1959-ல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. அங்கே தெரியவந்த மற்றோர் உண்மை: நன்றாக இருப்பதாக உணர்ந்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கண்காணிப்பில் மருந்து விழுங்கச் செய்யும் முறை அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. என் சட்டைப் பையின் கதை எனக்கு முன்பே ஆயிரம் பேரிடம் நடந்திருக்கிறது என்பதைப் படித்தபோது வெட்கம் சற்றுக் குறைந்தது.

அந்த ஒரு வாரத்தை என் மனைவி கண்டுபிடித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஒரு கோடு போட்ட கணக்கு நோட்டை என் முன் வைத்து, இனி மாத்திரைக் கணக்கு உங்கள் பொறுப்பு, நான் கேட்கமாட்டேன் என்றார். சுகாதார நிலையத்தில் நானே போய் நடந்ததைச் சொன்னேன். மீண்டும் சளியைச் சோதித்துவிட்டு மருந்தைத் தொடரச் சொன்னார்கள். நாள், வேளை, எடை, பசி, குமட்டல் எனப் பத்திகள் பிரித்து எழுதத் தொடங்கினேன். பேராசிரியர்களுக்கு அட்டவணை கண்டால் ஒரு மயக்கம் உண்டு. அதன்பின் ஒரு வேளையும் தவறவில்லை. அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. அண்டை வீட்டாரிடமும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஒருவர் தம் தந்தைக்கும் இருந்தது என்றார். மற்றொருவர் சில மாதங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்ற கேள்வியைப் பின்னாளில் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் எழுப்பினார். இளமையில் வந்த வயிற்றுக்கடுப்பு, காய்ச்சலின் போக்கு, வலியின் இடம் ஆகியவற்றை ஆராய்ந்து, அது அமீபாவால் கல்லீரலில் ஏற்பட்ட நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை. அவர் சொல்வது சரியென்றால், அந்த நோய்க்கு எமட்டின் என்ற மருந்து அன்றே இருந்தது. குளிர்ந்த அறைகள் தேவையே இல்லை.

ஜானகி கணவருக்குப் பின் 74 ஆண்டுகள் வாழ்ந்தார். பம்பாயில் சகோதரர் வீட்டில் தங்கித் தையல் கற்றார். சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் ஒரு சிறு வீட்டில் துணி தைத்தும் தையல் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார். ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார். பல்கலைக்கழகம் தந்த உதவித்தொகை நெடுங்காலம் மிகச் சொற்பமாகவே இருந்தது. கணவருக்கு ஒரு சிலைகூட இல்லையே என்ற அவரது மனக்குறை செய்தியாக வெளிவந்தபின், உலகெங்கும் உள்ள கணிதவியலாளர்கள் பணம் சேர்த்து, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியைக் கொண்டு ஒரு மார்பளவுச் சிலையை வடித்து அவரிடம் அனுப்பினர். ஒத்தடம் கொடுத்த நாள்களைப் பற்றியே அவர் வந்தவர்களிடமெல்லாம் பேசினார். 1994 ஏப்ரலில் அவர் காலமானார். யங்கின் கட்டுரை வெளிவந்ததும் அந்த ஆண்டில்தான்.